காற்றுக்கு எதிராக இழுத்த சில்லு

என் கணவரின் அக்காவுக்குக் கோபம் வந்து அடிக்கும் பழக்கம் இல்லை. முதலில் அடிப்பார். கோபம் பிறகு ஆற அமர வரும். சில நாள் வராமலே போய்விடும். அடி வாங்கியவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு நிற்கும்போது, "இப்ப விளங்குதே?" என்று ஊர்ப் புதினம் விசாரிப்பதுபோலக் கேட்பார். விளங்கவில்லை என்று பதில் சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை.

எனக்கு அவர் மச்சாள் முறை. புங்குடுதீவில் பனையோலை ஏற்றி ஓடும் ஒரு லொறிக்குச் சொந்தக்காரி. புருஷனை இழந்தவர், பிள்ளை இல்லை. ஆள் என் தோளுக்குத்தான் வருவார். கை மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத கை. ஊர்காவற்றுறையில் இவர்களுடைய தகப்பனுக்கு ஒரு வத்தை இருந்தது, பாய் கட்டி ஓடும் பெரிய வள்ளம். ஆண்பிள்ளை பிறக்கப் பிந்திவிட்டதால் மனுஷன் மகளை அதில் ஏற்றிக் கயிறு இழுக்க விட்டிருக்கிறார். சின்ன வயதில் பாய்க்கயிறு இழுத்த கை, பிறகு அகப்பை பிடித்தாலும் அப்படித்தான் இருக்கும். அந்த விரல்கள் பதிந்த கன்னங்களை ஊரில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

என் கணவர்தான் அந்த லொறியின் சாரதி. எங்களுக்குக் கலியாணமாகி நான் சரவணையிலிருந்து அந்த வீட்டுக்குப் போன முதல் கிழமை. மத்தியானம் குசினிக்குள் இவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். மச்சாள் பின்னாலே வந்தார். வந்த வேகத்தில் இவருடைய பிடரியில் ஒன்று விழுந்தது. இவருடைய நெற்றி சோற்றுக்கோப்பையில் போய் முட்டியது.

"ஓலைக்கு மேலை ஆக்களை ஏத்தினனியோ?"

"ரெண்டு பேர்தான் அக்கா. வெயிலுக்கை நடந்து வந்ததுகள்."

இன்னொன்று விழுந்தது. "இப்ப விளங்குதே?"

"ஓம் அக்கா."

மச்சாள் போய்விட்டார். இவர் மூக்கில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்துவிட்டு, "சொதி இருக்கோ?" என்று என்னைக் கேட்டார். நான் வளர்ந்த வீட்டில் அப்பா ஒரு சொல் பேசுவதற்கு முன் இரண்டு தடவை செருமுவார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கூடுதலாக ஆத்திரம் வந்தது.

"உங்களுக்கு வெக்கமாயில்லையோ? மீசை முளைச்ச ஆம்பிளைக்கு அடிக்கிறா."

"அம்மா செத்தாப்பிறகு அவதான் என்னை வளர்த்தவ. அப்பவும் இப்பிடித்தான்," என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாக எனக்குப் பட்டது. கட்டியவனைக் கையில் பிடித்து உலுப்பவேண்டும் போலிருந்தது.

மச்சாளின் புருஷனை நான் கண்டதில்லை. நான் வர முந்தியே போய்விட்டார். புங்குடுதீவையும் வேலணையையும் சேர்க்கும் தாம்போதி கடலுக்குள் கட்டிய றோட்டு. இரண்டு பக்கமும் தண்ணீர், நிழலுக்கு ஒரு மரம் இல்லை. சோளகம் தொடங்கினால் தெற்குக் கடலிலிருந்து வரும் காற்றை மறிக்க அங்கே ஒன்றுமே கிடையாது. பனையோலையை வானத்துக்கு அடுக்கிக்கொண்டு ரவுண் சந்தைக்குப் போன லொறியை ஒரு நாள் காற்று அப்படியே கடலுக்குள் சரித்துவிட்டது. ஓட்டிக்கொண்டு போனவர் அடியில் அகப்பட்டார்.

செத்தவீடு முடிந்து எட்டுச் செலவுச் சடங்குக்கு முந்தி லொறியைக் கரைக்கு இழுத்து வளவுக்குள் கொண்டுவந்து விட்டார்களாம். மச்சாள் உள்ளே போய் உலக்கையை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் விளக்குகள். பிறகு கண்ணாடி. பிறகு கதவு. ஆம்பிளைகள் நாலைந்து பேர் நின்றும் ஒருவரும் கிட்டப் போகவில்லை. உலக்கை முறிந்த பிறகு கல்லை எடுத்தார். கல் உடைந்த பிறகு வெறுங்கையால் அடித்தார். உள்ளங்கை கிழிந்து இரத்தம் ஓடிய பிறகுதான் நிறுத்தி, கிணற்றடியில் கையைக் கழுவிவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டிருக்கிறார். அடுத்த நாள் விடிய, வேலணையிலிருந்து மெக்கானிக்கை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"இதை ஓடப்பண்ணும். ஆனால் இந்த உயரம் வேண்டாம். உயரந்தான் அவரைக் கொண்டது. பதிச்சுத் தாரும்."

அடித்து நொறுக்கியதைத் தானே திருத்துவிப்பது அவருடைய வழக்கமில்லை. அந்த விதத்தில் லொறி அதிர்ஷ்டம் செய்தது. மற்றவர்கள் தங்கள் காயத்துக்குத் தாங்களே மருந்து போட்டார்கள்.

பக்கத்து வளவில் ஒருவன் குடித்துவிட்டு வந்து பெண்சாதியைப் போட்டு அடிப்பான். அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. வீட்டில் தின்ன ஒன்றுமில்லாத அன்றைக்குத்தான் அவனுக்குக் கள்ளு கூடும். ஒரு பின்னேரம் அவள் குழறுகிற சத்தம் கேட்டது. மச்சாள் வேலியில் ஒரு பூவரசங் கம்பை முறித்துக்கொண்டு வேலிக்குள்ளாலேயே போனார். அவனுக்கு விழுந்த அடி எங்கள் முற்றம் வரைக்கும் கேட்டது. அவன் கையைக் கூப்பிக்கொண்டு நிலத்தில் கிடந்தான். கம்பு முறிந்தது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் மச்சாள் திரும்பி, மூலையில் நடுங்கிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் கன்னத்திலும் ஒன்று போட்டார்.

"அவளுக்கு ஏன் மச்சாள் அடிச்சனீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"இவ்வளவு நாளும் என்னத்துக்குப் பொறுத்தவள்?"

அவர்மேல் பாசம் வரும்போதெல்லாம் இப்படி ஏதாவது ஒன்று நடந்து அதைக் கெடுத்துவிடும். வெறுக்கலாம் என்று முடிவெடுத்தால் அதுவும் கனநாள் நிற்காது. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது தலைமாட்டில் இருந்து கஞ்சி பருக்கியவரும் அவர்தான். குடிக்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிய என் தாடையை அந்தக் கையால் பிடித்துத் திறந்து ஊற்றினார்.

லொறியைப் பதித்த கதைக்கு வருகிறேன். மெக்கானிக் அமைதியான மனுஷன். ஸ்பிரிங்கில் அடுக்கியிருந்த தகடுகளில் சிலதைக் கழற்றி எறிந்தார். மிச்சத் தகடுகளின் வளைவை அடித்துத் தட்டையாக்கினார். லொறி கீழே இறங்கி, தண்ணிக்குள் படுத்த எருமைபோல நின்றது. மச்சாளுக்கு முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்ததாம். ஆனால் ஓடத் தொடங்கினால் ஸ்ரியறிங் உதறியது. முன்சில்லுகளின் புது ரயர் உட்பக்கமாகத் தேய்ந்து கம்பி தெரிந்தது.

"பதிச்சால் மட்டும் காணாது அக்கா," என்றார் மெக்கானிக். "பதிஞ்ச உடனை முன்சில்லு ரெண்டும் திசை மாறிப்போச்சு. நேர் பாக்கவேணும்."

நேர் பார்ப்பதற்கு மட்டமான நிலம் வேண்டும் என்று லொறியைத் தரவைக்குக் கொண்டுபோனார்கள். மாடு மேய்கிற வெளி அது, மேசைபோலத் தட்டை. அதற்குள் கலியாணமாகி வந்துவிட்டதால் நானும் தேத்தண்ணிப் போத்தலுடன் போயிருந்தேன். மெக்கானிக் மீன்பிடிக்கிற தங்கூசி நூலைப் பின்சில்லிலிருந்து முன்சில்லு வரைக்கும் இழுத்துக் கட்டினார். ரயரில் சோக்கட்டியால் ஒரு அடையாளம் போட்டு, இரண்டு முன்சில்லுக்கும் இடையில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று ஒரு தடியால் அளந்தார். முன்பக்கம் ஒரு நூல் ஒடுங்கியிருக்க வேண்டுமாம். கீழே படுத்து இரண்டு சில்லையும் இணைக்கிற கம்பியைத் திருகுவார், எழும்பி அளப்பார், திரும்பப் படுப்பார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

முடிந்ததும் இவரை ஓட்டிப்பார்க்கச் சொன்னார். இவர் தரவையின் நடுவில் வேகமெடுத்து, இரண்டு கையையும் யன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினார். லொறி தன்பாட்டில் நேரே போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மெக்கானிக்கும் சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை.

"காத்திலை?" என்று கேட்டார்.

"காத்திலை எந்த லொறியும் தள்ளுப்படும் அக்கா. கையாலைதான் பிடிக்கவேணும்."

"எங்கடை ஐயா சுக்கானைக் கையாலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறேல்லை. காத்துக்கு எதிராக் கட்டிப்போட்டு வெத்திலை போடுவர். ரவுணுக்குப் போகேக்கை சோளகம் வலப்பக்கத்தாலை அடிக்குது. லொறி வலப்பக்கம் இழுக்கிறமாதிரி வையும். காத்தும் அதுவும் சரியாப் போயிடும்."

"வத்தை திரும்பி வரேக்கை பாயை மாத்திக் கட்டுவினம்தானே? லொறி வரேக்கை காத்து இடப்பக்கம். ரெண்டும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளும்."

"வரேக்கை லொறி வெறுமை. வெறும் லொறியைக் காத்து என்ன செய்யும்? வாடை தொடங்க மாத்தி வைப்பம்."

மெக்கானிக் தலையை ஆட்டினார். "நேரான சில்லைக் கோணலாக்கச் சொல்லுறியள். நான் செய்யன்."

நிலத்தில் கிடந்த பெரிய ஸ்பானர் எப்போது மச்சாளின் கைக்கு வந்தது என்று நான் காணவில்லை. அது மெக்கானிக்கின் காதுக்கு மேலே விழுந்தது. மனுஷன் முழங்காலில் இருந்துவிட்டார். விரலுக்குள்ளால் இரத்தம் வழிந்து சேட்டுக் கழுத்தை நனைத்தது.

"இப்ப விளங்குதே?"

அவர் தன் கையிலிருந்த இரத்தத்தைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு திரும்பக் கீழே படுத்தார். ஒரு பக்க ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் மெல்லிய இரும்பு ஆப்பு ஒன்றை அடித்து இறுக்கினார். அடித்த ஒவ்வொரு அடிக்கும் துண்டில் இரத்தம் ஊறியது. எழும்பிப் போகும்போது மச்சாளிடம் பேசவில்லை, இவரிடம்தான் சொன்னார்.

"தம்பி, இது ஒரு வழிக்குத்தான். பாரம் ஏத்தினால் இன்னும் பதியும், இன்னும் இழுக்கும். வரேக்கை ஒரு நாளும் பாரத்தோடை வராதையும்."

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படலையை மிதிக்கவில்லை.

கோபமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: அந்த ஆப்பு வேலை செய்தது. சோளகத்தில் ஓலை ஏற்றிக்கொண்டு தாம்போதியால் போகும்போது இவர் ஒரு விரலால் ஸ்ரியறிங்கைத் தொட்டுக்கொண்டு போனார். பக்கத்தில் மச்சாள் தகப்பனைப்போல வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார். மற்ற லொறிகள் தாம்போதி வாசலில் காற்று விழுமட்டும் காத்து நிற்க, எங்கள் லொறி தாண்டிப் போகும். வெறுமையாகத் திரும்பி வரும்போதுதான் கரைச்சல். இவர் வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றினால் தோள்மூட்டு வீங்கியிருக்கும். நான் நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்ப்பேன்.

"அக்காவிட்டைச் சொல்லுங்கோவன்."

"சொல்லி? உம்மடை எண்ணெய் இருக்குத்தானே," என்று பகிடி விடுவார். பகிடிதான் அவருக்குத் தெரிந்த ஒரே கேடயம்.

மூன்றாம் வருஷம் மாரி பொய்த்தது. சோளகம் வந்தபோது தரவையில் புல் இல்லை, மண்தான் பறந்தது. மாடுகள் எலும்பெண்ண நின்றன. ஆரையும் அடிக்கிற மச்சாள் ஒரு மாட்டுக்கு ஈர்க்கால்கூடத் தட்டியதில்லை. குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டுபோய் ஒவ்வொன்றுக்கும் வாயில் பருக்குவார். அவர் கன்றிலிருந்து வளர்த்த சிவலைப் பசு ஒரு காலமை எழும்பவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கினார், வயிற்றுக்குள் தோளைக் கொடுத்து நெம்பினார், ஏலவில்லை. மத்தியானம் அது செத்துவிட்டது. செத்த மாட்டை அவர் தனியாகக் கயிறு போட்டு வேலிக் கரை வரைக்கும் இழுத்தார். ஒருவரையும் தொட விடவில்லை.

அன்றைக்கே சொன்னார். "பரந்தனிலை சிறுபோகம் வெட்டியாச்சு. நாளைக்குப் போய் லொறி நிறைய வைக்கோல் ஏத்திக்கொண்டு வாறம். அயலட்டை மாட்டுக்கும் காணும்."

இவர் என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் திறந்தேன்.

"வரேக்கை பாரத்தோடை வரவேண்டாம் எண்டு அந்த மெக்கானிக் சொன்னவர் மச்சாள். முதல் அந்த ஆப்பைக் கழட்டுவிப்பம். இல்லாட்டி உங்கடை மனுசனைக் கொண்டமாதிரி என்ரை மனுசனையும்..."

மிச்சம் என் வாயிலிருந்து வரவில்லை. குசினிக் கதவின் நிலையோடு போய் மோதினேன். காதுக்குள் கூவென்று கேட்டது. பல்லில் உப்புக் கரித்தது. அந்த வீட்டில் என்மேல் கை பட்டது அதுதான் முதல். "இப்ப விளங்குதே" என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. வெளியே போய்விட்டார். என் கணவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அவருக்கு ஒரு உதை கொடுத்திருப்பேன். தண்ணீரை வாங்கிக் கொப்பளித்துத் துப்பினேன்.

"நாளைக்கு நானும் வாறன்," என்றேன்.

போகும்போது வெறுமையாகப் போனோம். பரந்தனில் வைக்கோல் ஏற்றி முடியப் பின்னேரமாகிவிட்டது. மாடி வீட்டு உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். முன்பக்கம் இன்னும் பதிந்து சில்லு மூடியோடு உரசியது. வேலணை கடந்து தாம்போதி வாசலில் இவர் லொறியை நிறுத்தி இறங்கினார். கடல் வெள்ளை நுரையாகக் கிடந்தது. தூரத்தில் மீன் அடைக்க நட்ட களங்கண்டித் தடிகள் காற்றில் சாய்ந்து நின்றன.

"அக்கா, காத்து விழட்டும். கொஞ்சம் நிண்டு போவம்."

"அங்கை மாடு நிண்டு பாத்துக்கொண்டிருக்குமோ? எடு."

எடுத்தார். நான் நடுவில் இருந்தேன், மச்சாள் இடப்பக்கக் கதவோடு. பாதி வழிவரை பரவாயில்லை. பிறகு காற்று இடப்பக்கத்தால் வைக்கோலில் அறைந்தது. லொறி வலப்பக்கம் விலகியது. இவர் ஸ்ரியறிங்கை இடப்பக்கம் ஒடித்து, உடம்பு முழுக்க என்மேல் சாயும்படி பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மச்சாள் கண்டுவிட்டார். எனக்குக் குறுக்காலே கையை நீட்டி ஸ்ரியறிங்கைப் பிடித்து இழுத்தார். நானும் பிடித்தேன். மூன்று பேர் இழுத்தும் அது வலப்பக்கமே போனது. வலது முன்சில்லு றோட்டின் விளிம்பில் ஏறியது, கல் சரிந்தது. முதலில் வைக்கோல்தான் விழுந்தது. கட்டின கயிற்றோடு லொறியையும் இழுத்துக்கொண்டு போனது.

கண்ணைத் திறந்தபோது நான் இவர்மேல் கிடந்தேன், மச்சாள் என்மேல். இவருடைய பக்க யன்னலால் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. இவருடைய முகம் தண்ணீருக்குள். தலைமயிரைப் பிடித்துத் தூக்கினேன். இருமி, துப்பி, மூச்செடுத்தார். ஆளை இழுத்தால் வரவில்லை. வலக்கை ஸ்ரியறிங்குக்குள்ளால் போய், நெளிந்த வளையத்துக்கும் கதவுக்கும் இடையில் இறுகியிருந்தது. மச்சாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தாண்டு தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"கை வராது," என்றார்.

கக்கத்தில் பிடித்து இழுத்தார். இவர் குழறினார், குழறிய வாய்க்குள் தண்ணீர் போனது. லொறி சேற்றுக்குள் மெல்ல மெல்லப் புதைந்தது. நாடியில் நின்ற தண்ணீர் சொண்டுக்கு வந்தது. அலை அடித்தால் மூக்கு மூடும். மச்சாள் இருக்கையின் பின்னாலிருந்து லொறியை உயர்த்துகிற ஜக் கம்பியை இழுத்தெடுத்தார். முதலில் வளையத்துக்குள் விட்டு நெம்பினார். அசையவில்லை.

"பிள்ளை, தலையை இறுக்கிப் பிடி. மூக்கு மேலை இருக்கட்டும். அவன்ரை முகத்தைப் பாக்காதை."

"என்ன செய்யப் போறியள்?"

எனக்கு விளங்க முந்தி இவருக்கு விளங்கிவிட்டது. "அடி அக்கா," என்றார்.

மச்சாள் கம்பியை ஓங்கி அடித்தார். தண்ணீருக்குள் போன கம்பி மெதுவாகத்தான் போனது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. கை வீங்கியதே தவிர முறியவில்லை. மச்சாளின் அந்தக் கைக்குப் பலம் போதாமல் போனதை அன்றைக்குத்தான் கண்டேன். உடனே கம்பியை இவருடைய முன்கைக்குக் குறுக்கே வைத்து, இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி, குதிக்காலால் மிதித்தார். திரும்பவும் மிதித்தார். சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை. நான் பிடித்திருந்த தலைக்குள்ளால் என் உள்ளங்கைக்கு வந்தது. இவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மச்சாள் குனிந்து, முறிந்த கையைத் துணி மடிப்பதுபோல மடித்து வெளியே இழுத்தார்.

களங்கண்டியில் நின்ற மீன்பிடிகாரர் இடுப்பளவு தண்ணீரில் ஓடி வந்து எங்களைத் தூக்கியெடுத்தார்கள். எதிரே வந்த பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு ரவுணுக்குப் போனது.

அந்தக் கையை வெட்டவில்லை. ஆனால் பிறகு ஒரு நாளும் மடங்கவும் இல்லை. இவர் இடக்கையால் சாப்பிடப் பழகினார், கூட்டுறவுக் கடையில் வேலைக்குப் போனார். "அக்கா இல்லாட்டி நான் இல்லை" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். அக்கா இல்லாவிட்டால் கையும் இருந்திருக்கும் என்று நான் குசினிக்குள்ளிருந்து சொல்வேன். இரண்டும் உண்மை என்பதால் அந்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் கடைசிவரை முடியவில்லை.

ஆனால் அன்று பின்னேரம் இதெல்லாம் தெரியாது. ஆசுப்பத்திரியில் இவரை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். கையை எடுக்கவேண்டி வரலாம், உயிருக்கும் இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது என்று ஒரு தாதி சொல்லிவிட்டுப் போனார். மச்சாள் விறாந்தையில் கிடந்த வாங்கில் இருந்தார். தலைமயிர் முழுக்க வைக்கோல். சேலையிலிருந்து சேறு சொட்டியது. அவர் அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் போய் அவருக்கு அடித்தேன்.

சத்தம் விறாந்தை முழுக்கக் கேட்டது. சனம் திரும்பிப் பார்த்தது. மச்சாள் எழும்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒன்றும் விழவில்லை.

"கை முறிச்சதுக்கோ அடிச்சனி?"

நான் கண்ணைத் திறந்தேன்.

"அதுக்கு அடிக்காதை. அது செய்யத்தான் வேணும், செய்தனான். அந்த மெக்கானிக் நேராத்தானே வைச்சுத் தந்தவர். அந்த மனுசன்ரை மண்டையை உடைச்சு நான்தான் கோணலாக்குவிச்சனான். அதுக்கு அடி."

முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். என் விரல்கள் அந்தக் கன்னத்தில் சிவந்து தெரிந்தன. நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே இறங்கிவிட்டது.

"அடி பிள்ளை. நீ அடிக்காட்டி வேறை ஆர் அடிக்கிறது? அவன் அடிக்கான்."

"எனக்கு ஏலாது மச்சாள்."

அப்போது அவர் தன்னைத்தானே அடிக்கத் தொடங்கினார். செத்தவீட்டில் பெண்கள் நெஞ்சில் அடிக்கிற அடி அல்ல. மற்றவர்களுக்கு அடிப்பாரே, அதே அடி. கன்னத்தில், வாயில், காதில். சொண்டு வெடித்தது. நான் பாய்ந்து இரண்டு கையையும் பிடித்து, சுவரோடு சாய்த்து, என் உடம்பால் அமத்தினேன். அதற்கு என்னிடமிருந்த முழுப் பலமும் வேண்டியிருந்தது. "விடு, விடு" என்று திமிறினார். நான் விடவில்லை. அவருடைய இரத்தம் என் தோளில் சூடாக ஊறியது. இந்த மனுஷியை இதுவரை ஒருவரும் பிடித்து நிறுத்தியதில்லை என்ற நினைப்பு அப்போதுதான் எனக்கு வந்தது.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து இவருடைய குரல் கேட்டது. அரை மயக்கத்தில் கூப்பிட்டார். என்னை அல்ல, அக்காவை.

நான் கைகளை விட்டேன். மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.